கடுகுக்கு யாரோ ஒருத்தி

எஸ்தர் முழங்காலை உடைத்துக்கொண்டது ஒரு சாதாரண நாளில். அன்று மழை இல்லை, மண்சரிவு இல்லை, காப்பாற்ற வேண்டிய ஆள் யாரும் இல்லை. பயிற்சி முடிந்து தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தபோது படிக்கல்லில் இருந்த பாசி வழுக்கியது. விழுந்தவளின் முகத்தைக் கடுகு ஒரு முறை முகர்ந்து பார்த்தது. பிறகு நிலையத்துக்கு ஓடிப்போய் ஆட்களை அழைத்து வந்தது.

கடுகு ஒரு கறுப்பு நாட்டு நாய். பெண். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். நீலகிரிச் சரிவில் தேன்பாறை என்ற ஊரில் மலை மீட்புப் படைக்கு ஒரு நிலையம் இருந்தது. மண்ணுக்குள் புதைந்தவர்களை மோப்பம் பிடிக்க அந்த நிலையத்தில் இருந்த ஒரே நாய் அதுதான். மேலிருந்து சூடு பார்க்கும் ட்ரோன்களும், தரைக்குள் ஊடுருவிப் பார்க்கும் கருவிகளும் படையிடம் உண்டு. காய்ந்த மண்ணில் அவை நன்றாக வேலை செய்தன. செம்மண் மழையில் ஊறிக் குழம்பாகிவிட்டால் அவற்றுக்குக் கல்லும் ஆளும் ஒன்றுபோலத்தான் தெரியும். அந்தக் குழம்புக்கு அடியில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பவரின் வாசனையைக் கடுகின் மூக்கு தனியாகப் பிரித்தெடுத்துவிடும். அதைக் குட்டியிலிருந்து வளர்த்துப் பழக்கியவள் எஸ்தர்.

எலும்பு கூடிவிடும், நடக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். ஆனால் இனி சரிவில் ஏறி இறங்கும் வேலை மட்டும் வேண்டாம் என்றார். எஸ்தர் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் சொன்னதன் பொருள் அவளுக்கு முழுதாகப் புரிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் கடுகு படுத்திருந்தது. வடகிழக்குப் பருவமழை வருவதற்கு அதிக நாள் இல்லை.

கடுகோடு சரிவில் இறங்க இன்னொருவர் வேண்டியிருந்தது. ராசப்பன் தானாகவே முன்வந்தார். காரமடைக்காரர். படையின் லாரி ஓட்டுநர். எஸ்தரைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். நாய் காட்டிய இடத்தில் பலமுறை மண்வெட்டியோடு இறங்கித் தோண்டியவர். கடுகுக்கும் அவர்மேல் வெறுப்பு எதுவும் இல்லை.

"மொதல்ல நாயைத் தொடவே கூடாது, ராசண்ணா" என்றாள் எஸ்தர்.

"நாய் இல்லாம நாய்ப் பயிற்சி எப்படீங்க?"

"பயிற்சி உங்களுக்குத்தான். அவ எப்பவோ படிச்சு முடிச்சுட்டா."

நிலையத்தின் பின்னால் லாரி நிறுத்தும் கொட்டகையில் அவர்கள் தொடங்கினார்கள். எஸ்தர் ஒரு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். 'ஆங்' என்ற சின்னச் சொல்தான் அவளுடைய முக்கியமான கருவி. அதைப் பாராட்டு என்று ராசப்பன் நினைத்துக்கொண்டிருந்தார். அதனால் இழுத்து, கொஞ்சலாகச் சொன்னார்.

"இது கொஞ்சல் இல்லண்ணா. போட்டோ எடுக்கிற மாதிரி. இப்ப, இந்த நொடியில நீ செஞ்சியே, அதுக்குத்தான் தீனி வரப்போகுதுன்னு அவளுக்குக் காட்டுற சொல்லு. அரை நொடி தாமதிச்சா வேற படம் விழுந்துடும். உட்கார்ந்ததுக்குச் சொல்லணும்னு நினைப்பீங்க. அதுக்குள்ள அவ தலையைத் திருப்பியிருப்பா. தலையைத் திருப்பினா தீனி கிடைக்கும்னு எடுத்துக்குவா. அப்புறம் நாய்க்குப் புத்தியில்லைன்னு நீங்க என்கிட்ட வந்து நிப்பீங்க."

அவருக்கு அது பிடிபட ஒரு விளையாட்டு வைத்தாள். இந்த முறை எஸ்தர்தான் நாய். அவள் என்ன செய்ய வேண்டும் என்பதை ராசப்பன் மனத்துக்குள் முடிவு செய்துகொள்ள வேண்டும். வாய் திறந்து எதுவும் சொல்லக் கூடாது, கையும் காட்டக் கூடாது. சரியான பக்கம் ஓர் அடி வைத்தால் 'ஆங்' என்று மட்டும் சொல்லலாம்.

நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து ஜன்னலில் போட வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டார். எஸ்தர் ஊன்றுகோலோடு கொட்டகைக்குள் அலைந்தாள். துண்டின் பக்கம் திரும்பியபோது அவர் யோசித்துக்கொண்டு நின்றார். அவள் கடந்துபோய் மூக்கைச் சொறிந்தபோது 'ஆங்' என்றார். அதற்குப் பிறகு அவள் மூக்கையே சொறிந்துகொண்டிருந்தாள். ராசப்பன் தலையில் கை வைத்தார். தலையில் கை வைப்பதும் சைகைதான் என்று எஸ்தர் அதையும் தடுத்தாள்.

"எனக்கே எரிச்சல் வருது பாருங்க" என்றாள் சிரித்துக்கொண்டே. "என்ன கேக்கறீங்கன்னு தெரியாம நிக்கிறது அவ்வளவு கஷ்டம். என்னாலயாவது உங்களைத் திட்ட முடியும். அவளால முடியாதே."

போகப் போக அவர் தேறினார். துண்டு ஜன்னலுக்குப் போனது. மற்றொரு நாள் எஸ்தர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். 'ஆங்' சொல்லிவிட்டுத்தான் தீனிப் பைக்குள் கை போக வேண்டும், முன்பே போனால் நாய் கையைத்தான் பார்க்கும் என்று ராசப்பன் கற்றுக்கொண்டார். உத்தரவை ஒரு முறைதான் சொல்ல வேண்டும். மூன்று முறை சொன்னால் மூன்றாவதுதான் உத்தரவு என்று நாய் முடிவுசெய்துவிடும். குனிந்து மேலே கவிந்து நிற்கக் கூடாது. நாய் கொட்டாவி விட்டால் தூக்கம் வருகிறது என்று பொருளில்லை, மனம் சங்கடப்படுகிறது என்று பொருள். இன்னும் ஒரு முறை செய்ய அதற்கு ஆசை இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும்.

"அலுத்துப்போற வரைக்கும் செய்ய வச்சா, அலுப்புத்தான் ஞாபகம் இருக்கும்" என்றாள் எஸ்தர்.

பிறகு கடுகையும் சேர்த்துக்கொண்டார்கள். நாய் அவர் சொன்னதைச் செய்தது. தீனியையும் வாங்கிக்கொண்டது. எஸ்தர் பக்கத்தில் இருக்கும்வரை எல்லாம் சரியாகவே நடந்தது.

அவள் இல்லாமல் செய்து பார்க்க வேண்டிய நாள் வந்தது. மேட்டுத் தோட்டத்தில் பழைய சிமென்ட் குழாய் ஒன்றுக்குள் நிலையத்துச் சமையல்காரரைப் படுக்க வைத்து, வாயை மண்ணும் தழையும் போட்டு மூடினார்கள். எஸ்தர் கீழே தன் வீட்டிலேயே இருந்தாள். ராசப்பன் கடுகை அவிழ்த்துவிட்டார். நாய் காற்றை முகர்ந்து, வளைந்து வளைந்து போய், குழாயைச் சுலபமாகக் கண்டுபிடித்தது. அங்கே நின்று சுற்றிலும் பார்த்தது. ராசப்பனைப் பார்த்தது. உதட்டை நக்கிக்கொண்டது. பிறகு குரைக்காமல் தேயிலைச் செடிகளுக்கு ஊடே இறங்கி ஓடிவிட்டது.

எஸ்தர் அடுப்பில் டீ வைத்துக்கொண்டிருந்தாள். கடுகு உள்ளே வந்து அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்து, கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லும் அந்தக் குரலில் குரைத்தது. விடாமல் குரைத்தது. எஸ்தர் அடுப்பை அணைத்தாள். சொல்ல வேண்டிய ஆளிடம்தான் நாய் வந்து சொல்கிறது. அதில் ஒரு தவறும் இல்லை. நாயைத் தேடிப் போனவர்கள் மேட்டுக்குத் திரும்பி வருவதற்குள் சமையல்காரர் குழாயிலிருந்து வெளியே வந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். உண்மையான சரிவாக இருந்திருந்தால் அவர் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை.

"இது என் கைப்பிசகுங்களா?" என்று கேட்டார் ராசப்பன்.

"இல்லண்ணா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. அவ உங்களுக்காக வேலை செய்யல, அவ்வளவுதான்."

"போகப் போகச் சரியாகாதுங்களா?"

"ஆகும். அடுத்த வருஷம் ஆகும்."

மழை அடுத்த வருடம்வரை காத்திருக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

படை அழைத்து ஹபீபா வந்தது அதற்குப் பிறகுதான். சென்னையில் ஓர் ஆய்வகத்தில் விலங்குகளின் மூளையைப் படிக்கும் மருத்துவர். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். மலைக் குளிர் பழகாமல் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். டிபன் கேரியர் அளவுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தாள். அதற்குள் மெத்தென்ற ஒரு கழுத்துப் பட்டையும், தலையில் மாட்டும் வலைத் தொப்பி ஒன்றும் இருந்தன. எல்லையில் வேலை செய்யும் ராணுவ நாய்களுக்கு அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். பற்றுமாற்றம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

"நாய்க்குப் பிடிச்ச ஆளோட வாசனை, குரல், நடை எல்லாம் அதோட மூளையில ஒரே இடத்துல முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும்" என்று ஹபீபா எஸ்தரின் வீட்டில் உட்கார்ந்து விளக்கினாள். "அந்த முடிச்சை அவிழ்த்து இன்னொரு ஆள் மேல போடலாம். கத்துக்கிட்ட வேலை எதுவும் போகாது. யாருக்காகச் செய்யுதோ, அது மட்டும்தான் மாறும்."

"வலிக்குமா?"

"வலிக்காது. தூங்கி எழுந்திருக்கும்."

"என்னை?" என்றாள் எஸ்தர். "எழுந்ததும் என்னைப் பார்த்தா?"

ஹபீபா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "பயப்படாது. வெறுக்கவும் செய்யாது. தெருவுல போற யாரோ ஒருத்தரைப் பார்க்கிற மாதிரி பார்க்கும். உங்ககிட்ட மறைக்க விரும்பல மேடம். ஒரு ராணுவ வீரர் என் எதிர்லயே உட்கார்ந்து அழுதார்."

கடுகு எஸ்தரின் நல்ல காலின் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. எஸ்தர் அதன் மடிந்த காதை விரலால் நிமிர்த்தினாள். விட்டதும் அது மறுபடி மடிந்தது.

"மனுஷங்களுக்கு இதைச் செய்யச் சொல்லி யாரும் கேக்கலையா?"

"கேக்காம இருப்பாங்களா? விவாகரத்து வழக்குல இருக்கிற ஒருத்தர் வந்தார். குழந்தை அம்மாகிட்டயே ஒட்டிக்கிட்டு இருக்காம், கொஞ்சம் இந்தப் பக்கம் மாத்தித் தர முடியுமான்னு கேட்டார். மரியாதையாத்தான் கேட்டார்." ஹபீபா தூங்கும் நாயைப் பார்த்தாள். "அன்னைக்கு வீட்டுக்குப் போய் எனக்குச் சாப்பாடு இறங்கல. முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். வேற யாராவது ஒருநாள் முடியும்னு சொல்லுவாங்க. அதுவும் தெரியும்."

"தெரிஞ்சும் இந்த வேலையில இருக்கீங்க."

"ஆமா" என்றாள் ஹபீபா. "மண்ணுக்கு அடியில இருக்கிறவங்களை நினைச்சுக்குவேன். நீங்க வேண்டாம்னு சொன்னா நான் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவேன். உங்க சம்மதம் இல்லாம செய்ய மாட்டேன்."

 மறுநாள் காலையில் எஸ்தர் கடுகைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துப் பாதையில் மெதுவாக நடந்துவிட்டு வந்தாள். வந்து ராசப்பனைக் கூப்பிட்டு, அன்றைக்குக் கடுகுக்கு அவரே சாப்பாடு வைக்கட்டும் என்றாள். அதிலிருந்தே ஹபீபாவுக்குப் புரிந்துவிட்டது.

நிலையத்தின் முன்னறையில் போர்வை விரித்துக் கடுகைப் படுக்க வைத்தார்கள். பழைய ஆளும் புதிய ஆளும் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும், இருவருடைய குரலும் கேட்க வேண்டும் என்று ஹபீபா சொன்னாள். வலைத் தொப்பியை மாட்டும்போது நாய் எஸ்தரைப் பார்த்தது. அவள் சரி என்பதுபோலக் கண்ணைச் சிமிட்டியதும் அசையாமல் இருந்தது. ஊசி போட்டதும் தூங்கிப்போனது.

"ஏதாவது பேசுங்க" என்றாள் ஹபீபா. "எதுவா இருந்தாலும் பரவாயில்ல."

 ராசப்பன்தான் ஆரம்பித்தார். கடுகு, நீ கருவாட்டுத் தலையைத் திருடினது எனக்குத் தெரியும் சாமி, நான் யார்கிட்டயும் சொல்லல என்றார். எஸ்தர் சிரித்தாள். சிரிப்பு வந்ததும் பேச்சும் வந்தது. குட்டியாக இருந்தபோது ஊஞ்சல் பலகையைப் பார்த்துப் பயந்ததைப் பற்றி, முதன்முதலாக ஓர் ஆளைக் கண்டுபிடித்த நாளைப் பற்றி, இடியென்றால் நாயைவிடத் தனக்குத்தான் பயம் என்பதைப் பற்றிப் பேசினாள். பேசிக்கொண்டே இருக்கும்போது ஹபீபா திரையிலிருந்து தலை நிமிர்ந்து, போதும் மேடம் என்று மெதுவாகச் சொன்னாள். எஸ்தர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள். அதன்பிறகு ராசப்பன் மட்டும் பேசினார்.

நாய் எழுந்தது. உடம்பை உதறியது. ராசப்பனைப் பார்த்ததும் அதன் இடுப்பே ஆடும்படி வாலை ஆட்டிக்கொண்டு போய் அவர் முழங்கால்களுக்கு இடையில் தலையை நுழைத்தது. அவர் அதைத் தொடவா வேண்டாமா என்று தெரியாமல் எஸ்தரைப் பார்த்தார்.

"தடவிக் குடுங்க" என்றாள் எஸ்தர். "மேலேர்ந்து இல்ல. மார்ல."

பிறகு நாய் அறையைச் சுற்றி வந்தது. ஊன்றுகோலை முகர்ந்தது. அவள் கையை முகர்ந்தது. அதன் வால் முதுகின் மட்டத்தில், அளவாக, இரண்டு முறை அசைந்தது. மூக்கைத் திருப்பிக்கொண்டு அடுத்து மேசைக் காலை முகரப் போய்விட்டது.

வேறு யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால், நாய்க்கு உள்ளுக்குள் ஏதோ ஞாபகம் இருக்கிறது, பாருங்கள் வாலை ஆட்டியது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். எஸ்தரால் முடியவில்லை. நாயின் வாலையும் காதையும் படிப்பதுதான் அவள் தொழில். புதிதாக வரும் அஞ்சல்காரருக்கு ஆட்டுகிற வால் அது. அதற்குமேல் அதில் எதுவும் இல்லை.

"நல்லா வந்திருக்கு, டாக்டர்" என்றாள். குரல் சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய்க் கடுகின் தட்டையும் போர்வையையும் எடுத்து ராசப்பனின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். புதிய முடிச்சு இறுகும்வரை, மழைக்காலம் முடிகிறவரைக்காவது, அவள் நாய்க்குப் பக்கத்தில் போகாமல் இருப்பது நல்லது என்று ஹபீபா சொல்லியிருந்தாள். எஸ்தர் நிலையத்தில் வயர்லெஸ் பிரிவுக்கு மாறிக்கொண்டாள். அது மாடியில் இருந்தது. ஜன்னலை மூடிவைத்தாள்.

சில நாள் ராசப்பன் மாடிக்கு வருவார். நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து சந்தேகம் கேட்பார்.

"நான் சட்டை மாத்துனா குரைக்குதுங்க."

"எந்தச் சட்டை?"

"மஞ்சள்."

"சட்டைக்கு இல்லண்ணா, அதைப் போட்டா நீங்க ஊருக்குப் போயிடுவீங்க. அதைப் போட்டுக்கிட்டு சும்மா வீட்லயே உட்கார்ந்திருங்க."

அவர் போன பிறகு எஸ்தர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். திறக்க மாட்டாள்.

மழை வந்தது. மூன்றாம் நாள் விடியும்போது கீழ்மட்டத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் பின்புறம் மலை சரிந்து வீடுகளின் மேல் இறங்கியது. பெரும்பாலானவர்கள் முன்பே பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். கடைசி வீட்டிலிருந்த கணவன் மனைவி இருவரை மட்டும் காணவில்லை. ட்ரோன்கள் மூடுபனியில் எதையும் பார்க்காமல் திரும்பி வந்தன. தரையைப் பார்க்கும் கருவி ஆறு இடங்களைக் காட்டியது. ஆறையும் தோண்ட ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

எஸ்தர் வயர்லெஸ்ஸின் முன்னால் இருந்தாள். ராசப்பனின் மார்பில் இருந்த வயர்லெஸ் கருவி திறந்தே இருந்தது. மழைச் சத்தம், சேற்றில் கால் உருவும் சத்தம், அவருடைய மூச்சு எல்லாம் கேட்டன. 'தேடு' என்று ஒரே ஒரு முறை சொன்னார். எஸ்தர் தன்னையறியாமல் தலையாட்டினாள்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. படையின் தலைவர் வேறு அலைவரிசையில் வந்து, கருவி காட்டிய முதல் இடத்தில் தோண்ட ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்க என்றாள் எஸ்தர்.

"எஸ்தர், கேக்குதுங்களா?" ராசப்பனின் குரல் தாழ்ந்திருந்தது. "ஒரு எடத்தையே சுத்துது. குரைக்க மாட்டேங்குது. கொட்டாவி விடுது."

எஸ்தரின் வாய்வரைக்கும் பதில் வந்துவிட்டது. அதற்குள் அவரே சொன்னார்.

"நான் கிட்ட நிக்கிறேனுங்க. நெருக்கிட்டு நிக்கிறேன். தள்ளிப் போறேன்."

சேற்றில் பின்வாங்கும் அடிகள் கேட்டன. பிறகு மழை மட்டும் கேட்டது. அதன்பிறகு கடுகு குரைத்தது. எஸ்தரின் வீட்டுக்குள் வந்து அவள் முகத்தைப் பார்த்துக் குரைத்த அதே குரல். அந்தக் குரல் தொடங்கிய நொடியிலேயே, இம்மியும் பிசகாமல், 'ஆங்' என்றார் ராசப்பன்.

எஸ்தர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எதற்காக என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. அவ்வளவு சரியாக வந்திருந்தது அந்தச் சொல். நாய் அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தது.

கருவி காட்டிய ஆறு இடங்களில் ஒன்றல்ல அது. சாய்ந்துகிடந்த மர பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருவரும் உயிரோடு இருந்தார்கள். அந்தப் பெண் வெளியே வந்ததும் முதலில் தண்ணீர் கேட்கவில்லை, குரைத்தது எது என்று கேட்டாளாம்.

மழைக்காலம் ஒருவழியாக முடிந்தது. தை மாத வெயில் மலைமேல் ஏறியபோது ஹபீபாவிடமிருந்து தொலைபேசி வந்தது. நலம் விசாரித்தாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"ஒண்ணு சொல்லணும் மேடம். அன்னைக்கு எடுத்த பழைய முடிச்சோட பிரதி எங்ககிட்ட அப்படியே இருக்கு. கடுகு வேலையிலேர்ந்து ஓய்வு பெறும்போது அதைத் திரும்பப் போட்டுடலாம். ராசப்பன் சார்கிட்டயும் கேட்டேன். உங்க நாய்தானே, கொடுத்துடறேன்னு சொல்லிட்டார். எழுந்ததும் பழைய மாதிரியே உங்ககிட்ட ஓடி வந்துடும். ஒரு நாள்கூடப் பிரியாத மாதிரி."

 எஸ்தர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்தாள். ஆனால் அன்று மாலையே ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ராசப்பனின் வீட்டை நோக்கி நடந்தாள். இனி பக்கத்தில் போகலாம் என்று ஹபீபாவும் சொல்லிவிட்டிருந்தாள். எப்படியும் நாய் திரும்பி வரத்தான் போகிறது, அதற்கு முன் தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ராசப்பன் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கடுகு வேலியோரம் இருந்தது. எஸ்தரைக் கண்டதும் தலையைத் தூக்கிப் பார்த்தது. அவள் அறிமுகமில்லாத நாயிடம் எப்படி நடந்துகொள்வாளோ அப்படியே செய்தாள். நேராகப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டாள். பையில் தீனி இருந்தது. அருகில் வந்தால் தன் பக்கம் போடாமல் நாய்க்குப் பின்னால் போட வேண்டும், விலகிப் போகவும் அதற்கு வழி இருக்க வேண்டும் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

கடுகு வரவில்லை. எழுந்து வீட்டின் பின்பக்கம் போய்விட்டது. சரி, முதல் நாள்தானே என்று எஸ்தர் எண்ணிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அது திரும்பி வந்தது. வாயில் ஒரு பழைய ரப்பர் செருப்பு. அதை எஸ்தரின் காலுக்கு எதிரே போட்டது. முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தை மேலே தூக்கி, அவளைப் பார்த்து ஒரு முறை தும்மியது.

எஸ்தர் அசையாமல் இருந்தாள். விளையாடலாமா என்று நாய்கள் கேட்கும் விதம் அது. எத்தனையோ நாய்கள் அப்படிக் கேட்டு அவள் பார்த்திருக்கிறாள். கடுகு கேட்டு ஒருபோதும் பார்த்ததில்லை.

"இதை எங்க கத்துக்கிட்டா?" என்றாள்.

ராசப்பன் ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு சங்கடப்பட்டு நின்றார். "வேலை முடிஞ்சப்புறம் நாங்க சும்மா வெளையாடுவோமுங்க. செருப்பைப் புடுங்கிட்டு ஓடும், நான் தொரத்துவேன். அதுக்கு நான் தீனி ஒண்ணும் குடுக்கறதில்லீங்க. நேரம் காலமும் பாக்கறதில்ல. பயிற்சி கெட்டுப்போயிருமேன்னு திட்டுவீங்கன்னுதான் சொல்லல."

எஸ்தர் யோசித்துப் பார்த்தாள். அவளிடம் ஒரு பந்து இருந்தது. ஆளைக் கண்டுபிடித்தால் பந்து. சரியாக உட்கார்ந்தால் பந்து. வேலை முடிந்ததும் பந்து பைக்குள் போய்விடும், அப்போதுதான் அதற்கு மதிப்பு இருக்கும். அவள் கடுகின் மேல் வைத்திருந்த அன்பில் குறையில்லை, கடுகு அவள் மேல் வைத்திருந்ததிலும் குறையில்லை. ஆனால் குட்டியாக வந்த நாளிலிருந்து கடுகு அவளிடம் எதையும் சும்மா கேட்டதில்லை. சும்மா கேட்கலாம் என்று அதற்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த முடிச்சைத்தான் ஹபீபா பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள். அதைத் திரும்பப் போட்டால் கடுகு ஓடி வரும். வந்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்.

இப்போது எதிரே நிற்கும் நாய்க்கு அவள் யாரோ ஒருத்தி. அவளிடமிருந்து அதற்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. வெயில் நன்றாக இருந்தது, அவள் அங்கே இருந்தாள், அவ்வளவுதான்.

"டாக்டர்கிட்ட அந்தப் பிரதி வேண்டாம்னு சொல்லிடப் போறேன், ராசண்ணா."

"ஏனுங்க? நான் மனசாரத்தான் குடுக்கறேன்னு சொன்னேன்."

"தெரியும்ணா" என்றாள் எஸ்தர்.

செருப்பை எடுத்து எறிந்தாள். உட்கார்ந்தபடி எறிந்ததில் அது பக்கத்திலேயே விழுந்தது. கடுகு பாய்ந்து கவ்வியது. கொண்டுவந்து தரும் என்று அவள் கையை நீட்டினாள். நாய் கைக்கு எட்டும் தூரம்வரை வந்து, செருப்பை உதறிக் காட்டி, சட்டென்று திரும்பி வேலியைச் சுற்றி ஓடியது. திரும்பிப் பார்த்தது. அதைச் சரிப்படுத்த எஸ்தருக்கு வழி தெரியும். சில நாளில் கையில் கொண்டுவந்து வைக்கும்படி செய்துவிட முடியும்.

அவள் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தாள். "குடுடி அதை" என்று சொல்லிக்கொண்டு, நொண்டி நொண்டி, நாயைத் துரத்திக்கொண்டு போனாள்.